வீடில்லாப் பிள்ளையிடமிருந்து பள்ளியையும் பறிக்காதீர்கள்

பெறுநர்:
பள்ளிக்கல்வித் துறை, தமிழ்நாடு அரசு
பெருநகர சென்னை மாநகராட்சி
தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, பாரிமுனையைச் சுற்றிய தெருக்கள் ஆகிய இடங்களில் நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மாலை நேரங்களில் இந்தப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மூன்று துறைகளிடமும் நான் கேட்பது ஒன்றைத்தான். வீடில்லாத ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறதோ, அந்தப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை படிக்க விடுங்கள். குடும்பம் அடுத்த தெருவுக்குத் துரத்தப்பட்டாலும் சரி, ஊரின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டாலும் சரி, பிள்ளையின் பள்ளி மட்டும் மாறக்கூடாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

இந்தக் குடும்பங்கள் நேற்று ஏதோ ரயிலில் வந்து இறங்கியவை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மை வேறு. பாட்டி அதே தெருவில் பிறந்தவர், அம்மா அதே தெருவில் பிறந்தவர், பிள்ளையும் அங்கேயே பிறந்தது என்று சொல்லும் வீடுகள் உண்டு. வீடுகள் என்றா எழுதினேன்? பழக்கத்தில் வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆண்கள் மொத்த விற்பனைக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள். பெண்கள் பூ கட்டுகிறார்கள், கடைகளைக் கூட்டிப் பெருக்குகிறார்கள், வீட்டுவேலைக்குப் போகிறார்கள். பாரிமுனையின் வியாபாரம் காலையில் திறந்து இரவில் மூடுவதற்குள் இவர்கள் கைபடாத பொருள் குறைவு.

அவர்களில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவள் குடும்பம் ஒரு மொத்த விற்பனைக் கடையின் வாசலில் படுக்கிறது. கடையின் ஷட்டர் இறங்கும்வரை பாய் விரிக்க முடியாது. ஷட்டர் ஏறுவதற்குள் பாய், பாத்திரம், துணி அத்தனையையும் தார்ப்பாயில் சுருட்டிக் கட்டி ஓரமாக வைத்துவிட வேண்டும். புத்தகப் பையைத் தரையில் வைத்தால் எலி கடிக்கும், மழை வந்தால் ஊறிப்போகும். அதனால் தெருவோரத்து மின்சாரப் பில்லர் பாக்ஸின் கைப்பிடியில் மாட்டி வைக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. வேறு எங்கே மாட்டுவது என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் அவள் அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகியிருக்கிறார், இரவில் தலைக்கடியில் வைத்துக்கொள்கிறார். மகள் தூங்க வேண்டும் என்பதற்காக அம்மாவும் பாட்டியும் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வருபவர்கள் எந்த நேரத்தில் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெருவிளக்கின் வெளிச்சத்தில், லாரிகள் சரக்கு இறக்கும் சத்தத்தில், அவள் அறிவியல் பாடத்தை எழுதிப் பார்க்கிறாள். காலையில் கட்டணக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். உள்ளே தாழ்ப்பாள் உள்ள, காசு கேட்காத கழிப்பறை அவளுக்குப் பள்ளியில் மட்டும்தான் இருக்கிறது. மதியச் சோறு அங்கே. குடிதண்ணீர் அங்கே. அவள் பெயரை மரியாதையாக அழைக்கும் இடமும் அதுவே.

எனக்குத் தெரிந்து அவள் விடுப்பே எடுப்பதில்லை. பள்ளி அவளுக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தப் பிடிமானம் எங்கெங்கே அறுபடுகிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பள்ளி செல்லாப் பிள்ளைகளையும் இடைநின்ற பிள்ளைகளையும் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஆண்டும் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்றுநர்களும் வெயிலில் அலைந்து அந்த வேலையைச் செய்கிறார்கள், அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது குடியிருப்புக் குடியிருப்பாக, பகலில் நடக்கும் கணக்கெடுப்பு. பகலில் அந்த நடைபாதையில் போய்ப் பார்த்தால் கட்டிவைத்த தார்ப்பாய் மூட்டைகள்தான் இருக்கும். பெற்றோர் வேலையில் இருப்பார்கள், பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். தட்டுவதற்குக் கதவும் கிடையாது. இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28 இரவை ஒதுக்கினார்கள், நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேரை எண்ணினார்கள். தேர்தல் ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வீடற்ற ஒருவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பித்தால் முகவரிச் சான்று கேட்பதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் போய், அவர் அந்த இடத்தில்தான் உறங்குகிறார் என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அம்மாவின் வாக்குக்காக இரவில் நடைபாதைக்கு வரத் தெரிந்த அரசுக்கு, மகளின் படிப்புக்காக வரத் தெரியாதா?

அடுத்தது காகிதம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் துளியும் குழப்பம் வைக்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்கிறது 14-ஆவது பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்து வந்தாலும் மறுக்கக்கூடாது என்கிறது 15-ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்திவைக்கக்கூடாது என்கிறது 5-ஆவது பிரிவு. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளின் பதிவேட்டையும் பராமரிக்கும் கடமையை 9-ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்பின் தலையில், அதாவது மாநகராட்சியின் தலையில், வைக்கிறது. சட்டம் இப்படி இருக்க, பள்ளி அலுவலகத்தில் நடப்பது வேறு. ஆதார் எங்கே, ரேஷன் அட்டை நகல் எங்கே, பிறப்புச் சான்றிதழ் எங்கே என்ற மூன்று கேள்விகளில் ஒரு தாய் திரும்பிப் போய்விடுகிறாள். யாரும் அவளிடம் முடியாது என்று சொல்வதில்லை. நாளை எடுத்து வாருங்கள் என்பார்கள். அந்த நாளையும் அடுத்த நாளையும் அவளுக்கு ஒவ்வொரு நாள் கூலி. ஒருவருடன் நான் துணைக்குப் போயிருந்தபோது, நிரந்தர முகவரி என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை வாங்க முடியாது என்று எழுத்தர் கையை விரித்தார். அவர் கெட்டவர் இல்லை. தவறு நேர்ந்தால் தன் தலையில் விழும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது மேலே இருப்பவர்கள்.

2023-இல் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று அது சொல்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் இன்னும் சில ஆண்டுகளில் முதல் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். நடைபாதைக் குடும்பங்களில் பிரசவம் அரசு மருத்துவமனையில்தான் நடக்கிறது, பதிவும் ஆகிவிடுகிறது. ஆனால் பெயர் சேர்ப்பது, பிழை திருத்துவது, தொலைந்த சான்றிதழை மறுபடி எடுப்பது எல்லாம் தள்ளிப் போகின்றன. பதிவே ஆகாமல் ஓராண்டைத் தாண்டிவிட்டால் உத்தரவு வாங்க வேறு அலுவலகம் அலைய வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சுற்றறிக்கையை இப்போதே அனுப்பி வையுங்கள். முகவரிக் கட்டத்தில் பள்ளியின் முகவரியையே எழுதிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.

இனி எனக்கு மிகவும் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். அப்புறப்படுத்தல்.

நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று வண்டி வந்து நின்றால், தார்ப்பாய் மூட்டையோடு புத்தகங்களும் வண்டியில் ஏறிவிடுகின்றன. அவற்றைத் திரும்பப் பெற்ற ஒரு குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை. நடைபாதைக்காரர்களுக்கு இது என்றால், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊரின் தெற்கு எல்லைக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்டுவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள் ஏராளம். கான்கிரீட் கூரை கிடைத்தது உண்மை, அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். விடியுமுன் எழுந்து பஸ் பிடித்தால்தான் முதல் மணிக்குப் பழைய பள்ளியில் இருக்க முடியும். சிறிய பிள்ளைகளைப் புதிய பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில மாதம் பஸ்ஸில் அலைகிறார்கள், பிறகு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் இருக்கை காலியாவதைத் தினமும் வருகை எடுக்கும் ஆசிரியர் பார்க்கிறார். அவரால் அந்தப் பிள்ளையைத் தேடி 25 கிலோமீட்டர் போக முடியுமா?

இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே 2022 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய வீடுகள் இடிப்பு மே மாதத்திலும் தொடர்ந்தது. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடந்தது அதே மே மாதத்தில். நீதிமன்ற உத்தரவு இருந்தது என்று சொல்வீர்கள், இருந்தது. ஆனாலும் தேர்வு எழுதும் பிள்ளைகளின் தலைக்கு மேலிருந்த கூரையைத் தேர்வு மாதத்தில் பிரிக்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் பொறுப்பு ஒரு துறைக்காவது இருந்திருக்க வேண்டும்.

இதற்கு வழி நம் நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வாழ்வாதார உரிமை, உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு அது. நடைபாதைகளைக் காலி செய்யும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த இரண்டையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மூன்றாவதாக ஒன்று அதில் இருக்கிறது. அந்த ஆண்டின் மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, யாரையும் அகற்றக்கூடாது என்று நீதிபதிகள் தேதி குறித்தார்கள். மழையைப் பார்த்துத் தேதி குறிக்க முடியுமென்றால் பள்ளி நாட்காட்டியைப் பார்த்தும் குறிக்க முடியும். ஜூன் முதல் பொதுத்தேர்வு முடியும் நாள்வரை, பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை அகற்றுவதில்லை என்று வாழ்விட மேம்பாட்டு வாரியமும் மாநகராட்சியும் அரசாணையாகவே எழுதி வாங்குங்கள். ஆற்றில் வெள்ளம் வரும் அவசரத்தில் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். அப்போதும் பிள்ளை பழைய பள்ளிக்கு வந்துபோக வண்டி ஏற்பாடு செய்வது உங்கள் கடமையாக இருக்கட்டும். இலவசப் பஸ் பாஸ் மட்டும் போதாது. அதிகாலையில் கூட்டமான மாநகரப் பஸ்ஸில் பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தனியாக ஏற்றிவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நடக்கிற காரியமா இது என்று யாராவது கேட்டால், அமெரிக்காவில் 1987 முதல் மெக்கின்னி-வென்டோ என்ற சட்டம் இருக்கிறது. வீடிழந்த பிள்ளை, தான் படித்த பள்ளியிலேயே தொடரலாம். இடையில் வீடு கிடைத்துவிட்டாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அங்கேயே இருக்கலாம். போக்குவரத்தைக் கல்வி மாவட்டம் ஏற்க வேண்டும். ஆவணங்கள் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொண்டு, பிறகு அவற்றைத் தேட வேண்டும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வீடு போய், சொந்தக்காரர் வீட்டில் நெருக்கியடித்துத் தங்கும் பிள்ளைகளையும் அந்தச் சட்டம் வீடற்றவர்கள் என்றே கணக்கில் எடுக்கிறது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளை யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

இங்கே அந்தப் பெயர் இல்லை. பள்ளியில் கேட்டால் மாநகராட்சி என்பார்கள். மாநகராட்சியில் கேட்டால் வாரியம் என்பார்கள். வாரியத்தில் கேட்டால் கல்வித் துறை என்பார்கள். சென்னை மாநகராட்சி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மண்டலத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க மூன்று துறைகளும் சேர்ந்தால் முடியாதா? அவருடைய கைப்பேசி எண் ஒவ்வொரு பள்ளி வாசலிலும், ஒவ்வொரு இரவுக் காப்பகத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குடும்பம் இடம் மாறும் செய்தி அவருக்கு முதலில் போக வேண்டும். ஒரு பிள்ளை ஒரு வாரம் வரவில்லை என்றால் ஆசிரியர் அவரை அழைக்க வேண்டும்.

அதிகாரிகளிடம் பேசப் போனால் சிலர் அன்போடுதான் சொல்கிறார்கள், பிள்ளையை ஒரு ஹோமில் சேர்த்துவிடுங்களேன் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவெல்லாம் விழித்திருந்து மகளைக் காக்கும் தாயிடமிருந்து அவளைப் பிரித்தெடுப்பது உதவி ஆகாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வீடோ நிலையான தங்குமிடமோ பிழைக்க வழியோ இல்லாத பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. அதே சட்டம் குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. உறவே இல்லாமல் தனியாக நிற்கும் பிள்ளைக்கு விடுதி வேண்டும், மறுக்கவில்லை. குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்குக் குடும்பம் சேர்ந்து தங்கும் காப்பகம் வேண்டும். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருக்கும் காப்பகத்துக்குள், பதினைந்து வயது மகனை வெளியே நிறுத்திவிட்டு எந்தக் குடும்பம் போகும்?

அந்தப் பதினைந்து வயதுதான் எல்லோருடைய கையிலிருந்தும் நழுவும் வயது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. பையன் வளர்ந்துவிட்டான், மூட்டை தூக்கத் தோள் இருக்கிறது, மாலையில் கையில் காசு வருகிறது. பெண்ணுக்கோ, தெருவில் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை என்று அவசரமாகத் திருமணம் பேசுகிறார்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டங்கள், மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளைக்கு அந்தப் பணம் எட்டவே எட்டாது. வீடற்ற பிள்ளைகளுக்கு மட்டுமாவது அந்த உதவித்தொகையை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள். அவர்கள் படிக்கும் பள்ளிகளில் காலை உணவை மேல்வகுப்புகளுக்கும் நீட்டுங்கள். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்துத் தொடங்கிவைத்தது இதே சென்னை மாநகராட்சி. நாடு முழுவதும் பின்னால் வந்தது.

அதிகம் செலவில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனையைச் சுற்றியுள்ள மாநகராட்சிப் பள்ளிகளில் இரண்டு, மூன்று கட்டடங்களையாவது இரவு ஒன்பது மணிவரை திறந்து வையுங்கள். விளக்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. மாலையில் பூட்டிவிடுகிறோம். காவலர் ஒருவர் போதும், பாடம் சொல்லிக்கொடுக்க என்னைப் போன்றவர்கள் வருவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டுள்ள ஓர் இரும்பு அலமாரித் தட்டு கொடுத்தால் புத்தகமும் சான்றிதழும் பத்திரமாக இருக்கும். பில்லர் பாக்ஸில் பை தொங்காது.

தெருவில் வளர்ந்த பிள்ளைகளால் என்ன முடியும் என்று சந்தேகப்படுபவர்கள் இருக்கலாம். 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த தெருவோரச் சிறுவர் கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் வென்ற தென்னிந்திய அணியில் சென்னைப் பிள்ளைகளும் இருந்தார்கள். பயிற்சிக்கு ஓர் இடமும், விடாமல் பின்னால் நின்ற பெரியவர்களும் அவர்களுக்குக் கிடைத்தார்கள். இங்கே கேட்பதும் அவ்வளவுதான்.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன், கோடை விடுமுறையிலேயே ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். பகலில் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல், ஷட்டர்கள் இறங்கிய பிறகு வாருங்கள். எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, யார் நின்றுவிட்டார்கள் என்பது அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்குத் தெரியும். மூன்று துறைகளிலிருந்தும் தலா ஓர் அலுவலரை அனுப்பினால் போதும், கூடவே நடந்து ஒவ்வொரு குடும்பத்தையும் அறிமுகம் செய்துவைக்கிறோம். தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
வடசென்னை